அத்தியாயம் 6: மொட்டைமாடி வீட்டுக்கு விலை போடாதீர்கள்

உப்பல் ரிங் ரோட்டில் இறங்கி, வரங்கல் நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஏதாவது ஒரு காலனித் தெருவுக்குள் நுழையுங்கள். பத்து வீட்டுக்கு ஒரு கேட்டில் ‘டு-லெட்’ பலகை தொங்கும். கட்டடங்களும் அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. இருநூறு கெஜம் மனை, தரைத்தளம், அதன்மேல் இரண்டு மாடி, மாடிக்கு இரண்டு போர்ஷன். எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இன்னொரு வீடு. இதற்கு ஹைதராபாத்தில் பென்ட்ஹவுஸ் என்று பெயர். பெயரைக் கேட்டு நீச்சல்குளத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நம் ஊர்க் கணக்கில் அது மொட்டைமாடி ரூம். பெரும்பாலும் அனுமதி இல்லாமல் எழுப்பியது.

இப்படிப்பட்ட சிறு கட்டடத்தை முதன்முறை முதலீடாக வாங்க நினைப்பவர் எப்படி எடைபோடுவது என்பதுதான் இந்த அத்தியாயம். என் அக்கா மகன் விருதுநகர்க்காரன், போச்சாரத்தில் கணினி வேலை. இரண்டு வருடம் முன்பு என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு கட்டடத்தைக் காட்டினான்.

“மாமா, மாசம் எண்பதாயிரம் வாடகை வருது. ரெண்டு கோடியே நாப்பது லட்சம் சொல்றாங்க. வருஷத்துக்கு நாலு பர்சன்ட். இந்த ஏரியாவுல இது கிடைக்காது மாமா.”

கணக்கில் தப்பில்லை. எண்பதாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கி 2.4 கோடியால் வகுத்தால் 4 சதவீதம்தான். அந்த எண்பதாயிரம் எங்கிருந்து வருகிறது என்பதை அவன் பார்க்கவில்லை. ஆறு போர்ஷன், தலா 11,000. மிச்சம் 14,000 பென்ட்ஹவுஸிலிருந்து. நான்கு பிரம்மச்சாரிப் பையன்கள் அதைப் பங்குபோட்டு இருந்தார்கள்.

முதலில் மீட்டர் பலகை

பத்திரத்தைக் கேட்பதற்கு முன்பே படிக்கட்டின் அடியில் இருக்கும் மின்சார மீட்டர் பலகையைப் பாருங்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, அது பொய்யும் சொல்லாது. நாங்கள் பார்த்த கட்டடத்தில் குடித்தனம் ஏழு. மீட்டரும் ஏழு இருந்தது. ஆனால் அதில் ஒன்று மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்குமான பொது மீட்டர். அப்படியானால் ஒரு வீட்டுக்கு மீட்டர் இல்லை. பொது மீட்டரிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரோரமாக மேலே ஏறி, மொட்டைமாடிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒயரைத் தொடர்ந்து படியேறியபோதே விஷயம் பாதி புரிந்துவிட்டது.

ஒவ்வொரு மீட்டருக்கும் மின் வாரியம் ஒரு சேவை எண் கொடுத்திருக்கும், யு.எஸ்.சி. எண் என்பார்கள். அதை வைத்து வாரியத்தின் டி.ஜி.எஸ்.பி.டி.சி.எல். தளத்தில் பில்லைப் பார்க்கலாம். உரிமையாளரிடம் ஒவ்வொரு மீட்டருக்கும் கடந்த பன்னிரண்டு மாத பில்களைக் கேளுங்கள். ஆள் குடியிருந்த மாதத்தில் யூனிட் ஓடியிருக்கும், காலியாகக் கிடந்த மாதத்தில் குறைந்தபட்சக் கட்டணம்தான் இருக்கும். “எப்பவுமே ஃபுல்லு சார், காலியாகவே இருக்காது” என்று புரோக்கர் சொல்வதைச் சரிபார்க்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாடகை ஒப்பந்தத்தை நேற்று ராத்திரி கூட அடித்துவிடலாம், போன மே மாதத்து மின்சார பில்லை அடிக்க முடியாது.

தனி மீட்டருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தெலங்கானா அரசின் கிருக ஜோதி திட்டத்தில், 2024 மார்ச் முதல் வெள்ளை ரேஷன் அட்டை உள்ள குடும்பங்களுக்கு மாதம் 200 யூனிட் வரை பில் பூஜ்யம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. தனி மீட்டர் இல்லாத வீட்டுக்கு அப்படிப்பட்ட குடும்பம் ஏன் வரப்போகிறது?

வரைபடத்தில் எத்தனை மாடி?

அடுத்து, மாநகராட்சி அனுமதித்த வரைபடம். நகல் இல்லை என்றால் நகல் கிடைக்கும்வரை பேச்சுவார்த்தையும் இல்லை. உப்பல் தனி நகராட்சியாக இருந்து 2007-இல் ஜி.எச்.எம்.சி. என்ற ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியோடு இணைந்த பகுதி. அதனால் பழைய கட்டடங்களின் அனுமதி பழைய நகராட்சியின் முத்திரையோடு இருக்கலாம்; கொஞ்சம் தள்ளி போடுப்பல், மேடிப்பள்ளி பக்கம் போனால் கிராமப் பஞ்சாயத்து முத்திரையே இருக்கும். முத்திரை எதுவானாலும் நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று: எத்தனை மாடிக்கு அனுமதி, மாடிக்கு எத்தனை சதுர அடி, நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விடச் சொல்லியிருக்கிறது.

பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வெட்கப்பட வேண்டாம். துணி எடுக்கும்போது முழம் போட்டுப் பார்க்கிறோம், இரண்டு கோடிக்கு டேப் பிடிக்கக் கூடாதா? பக்கவாட்டில் ஒரு மீட்டர் விடச் சொன்ன இடத்தில் இரண்டடிதான் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கிங் என்று காட்டிய இடத்தில் வாட்ச்மேன் அறையோ கிரானா கடையோ முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக மொட்டைமாடி.

“எல்லாரும்தான் கட்டியிருக்காங்க” என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். “பிராப்பர்ட்டி டாக்ஸ் கட்டுறோமே” என்றும் சொல்வார். அதுவும் உண்மைதான். ஆனால் அனுமதியற்ற தளத்துக்கும் மாநகராட்சி வரி வாங்கும், அதற்கு மேல் அபராதமும் வாங்கும். வரி ரசீது அனுமதிச் சீட்டு ஆகாது. 2015-இல் பி.ஆர்.எஸ். என்று கட்டட ஒழுங்குமுறைத் திட்டம் ஒன்று வந்தது (அந்தப் பெயரை ஒரு கட்சி எடுத்துக்கொள்வதற்கு ஏழு வருடம் முன்பு). பணம் கட்டி விண்ணப்பித்தவர்களின் மனுக்கள் வழக்கில் சிக்கித் தேங்கிவிட்டன. “பி.ஆர்.எஸ். அப்ளை பண்ணியாச்சு” என்றால் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கு ஒரு ரூபாய்கூட விலை வைக்காதீர்கள்.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதிக்கு மாறான கட்டடங்கள் குறித்து ஒரு தீர்ப்பு வழங்கியது. குடியேற்றச் சான்றையோ நிறைவுச் சான்றையோ சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் மேல் கடன் தர வேண்டும் என்பது அதிலுள்ள உத்தரவுகளில் ஒன்று. நாளை நீங்கள் விற்கப் போகும்போது, வாங்க வருபவரின் வங்கி இந்தச் சான்றைக் கேட்கும். இன்று உங்களிடம் கேட்காமல் விட்டாலும் அன்று கேட்கும்.

சிறு கட்டடம் வாங்குபவர்கள் மறக்கிற இன்னொன்று ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையிலோ, எட்டு வீட்டுக்கு மிகாமலோ கட்டினால் ரெரா பதிவு தேவையில்லை. உப்பலில் நாம் பார்க்கும் இருநூறு கெஜக் கட்டடம் எதுவும் அந்த வலைக்குள் வராது. பில்டர் ஏமாற்றினால் ரெராவுக்குப் போய் நிற்கலாம் என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

பட்டா எங்கே என்று கேட்காதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர் முதலில் கேட்பது பட்டா. இங்கே நகர மனைக்கு யாரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. இங்கே கேட்க வேண்டியது ‘லிங்க் டாக்குமென்ட்ஸ்’. நம் தாய்ப்பத்திரச் சங்கிலிதான். விவசாய நிலம் எப்போது யார் கையிலிருந்து மனையாகப் பிரிந்தது என்பதிலிருந்து இன்றைய உரிமையாளர்வரை ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. வில்லங்கச் சான்றை இங்கே ஈ.சி. என்றுதான் சொல்வார்கள்; 1983 முதலான பதிவுகளைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் தேடலாம். மாநகராட்சி வரி எண்ணில் விற்பவரின் பெயர்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இடையில் ஒரு கைமாற்றம் பொது அதிகாரப் பத்திரத்தில் மட்டும் நடந்திருந்தால் நின்றுவிடுங்கள். அந்த வகைப் பத்திரம் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. நோட்டரி முத்திரையோடு கைமாறிய மனைகளும் ஹைதராபாத்தில் ஏராளம். விலை மலிவாக இருக்கும், வங்கி பக்கத்தில் வராது.

எனக்கே ஒரு முறை அடி விழுந்திருக்கிறது. ஹைதராபாத் வந்த புதிதில், ஒரு கட்டடத்தைப் பார்த்த மயக்கத்தில், டோக்கன் என்று இரண்டு லட்சம் கொடுத்துவிட்டேன். வெள்ளைத் தாளில் நான்கு வரி. லிங்க் டாக்குமென்டில் ஒரு சகோதரியின் கையெழுத்து இல்லை என்பது பிறகு தெரிந்தது. பணம் திரும்பி வர எட்டு மாதம், அதுவும் தவணை முறையில். இப்போது டோக்கன் சீட்டில் ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்கிறேன்: வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்த்துச் சம்மதிக்காவிட்டால் பதினைந்து நாளில் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் ஏதோ இருக்கிறது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே மனை சதுர கெஜத்தில்தான். ஒரு கெஜம் 9 சதுர அடி. நம் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, கிட்டத்தட்ட 267 கெஜம். ஒரு சென்ட் 48.4 கெஜம். “டூ ஹண்ட்ரட்” என்றால் 1,800 சதுர அடி; முக்கால் கிரவுண்டு.

தண்ணீர் வரும் வழி, போகும் வழி

2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் ஹைதராபாத்தில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. கட்கேசர் பக்கம் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல். ராமந்தாபூர், நாகோல் பக்கத் தாழ்வான காலனிகளில் தரைத்தளம் முழுகியது. ஒரு பக்கம் மூசி ஆறு, நடுநடுவே ஏரிகள், ஏரியிலிருந்து ஏரிக்குப் போகும் நாலா என்னும் ஓடைகள் என்று இந்தப் பகுதியின் அமைப்பே அப்படி. ஏரி நிரம்பினால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் போகும், அந்த வழியில் இப்போது காலனி இருக்கும்.

ஆகவே தெரு முனைக் கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, “இரவை-லோ நீள்ளு எக்கட தாக்கா வச்சாயி?” என்று கேளுங்கள். 2020-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்பதுதான் கேள்வி. கடைக்காரர் கையால் உயரம் காட்டுவார். மீட்டர் பலகை அதற்கு மேலே இருக்கிறதா, சம்ப் மூடி அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலையில் அரசு ஹைட்ரா என்ற அமைப்பை உருவாக்கிய பிறகு, ஏரி எல்லைக்குள் கட்டியவற்றை இடிப்பது தினச் செய்தியானது. ஏரி முழுக்க நிரம்பும் எல்லையை எஃப்.டி.எல். என்பார்கள். அதற்கு வெளியே, 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிக்கு 30 மீட்டரும் சின்ன ஏரிக்கு 9 மீட்டரும் கட்டடம் கூடாத பஃபர். பெருநகர வளர்ச்சிக் குழுமமான எச்.எம்.டி.ஏ.வின் ஏரி வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. உப்பல் நல்ல செரு ஏரியோ ராமந்தாபூர் பெத்த செரு ஏரியோ கூப்பிடு தூரத்தில் இருந்தால், அந்த வரைபடத்தின்மேல் உங்கள் மனையின் சர்வே எண்ணை வைத்துப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

குடிநீரை இங்கே பழக்கதோஷத்தில் மஞ்சீரா தண்ணீர் என்பார்கள், கிருஷ்ணாவிலிருந்து வந்தாலும் சரி, கோதாவரியிலிருந்து வந்தாலும் சரி. 2021 ஜனவரி முதல் வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம். அதற்கு மீட்டரும் ஆதார் இணைப்பும் வேண்டும். குடிநீர் வாரியத்தில் பழைய பாக்கி இருந்தால் அது கட்டடத்தோடு உங்கள் தலையில் வந்து விழும், பில்லைக் கேட்டு வாங்குங்கள். போர்வெல்லை ஏப்ரல், மே மாதத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது உத்தமம். ஐப்பசியில் எல்லா போரும் நன்றாகத்தான் ஓடும்.

யார் குடிவருவார்கள்?

இதில் உப்பலுக்குக் குறை சொல்ல முடியாது. 2017 நவம்பரில் நாகோலிலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கியது. உப்பல், ஸ்டேடியம், என்.ஜி.ஆர்.ஐ. என்று வரிசையாக நிலையங்கள். 2019-இல் அந்தத் தடம் ஹைடெக் சிட்டி தாண்டி ராயதுர்க்கம்வரை போய்விட்டது. இங்கே வாடகை குறைவு, வேலை அங்கே. நடுவில் ஒரே ரயில். அதோடு போச்சாரம் இன்ஃபோசிஸ் வளாகம், உப்பல் தொழிற்பேட்டை, ஹப்சிகுடா பக்கத்து ஆராய்ச்சி நிறுவனங்கள், தார்நாக்கா தாண்டினால் உஸ்மானியா பல்கலைக்கழகம்.

ஆனால் “மெட்ரோ பக்கம்” என்று புரோக்கர் சொல்லும் பக்கத்தை உங்கள் காலால் அளக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலிலிருந்து நிலையத்துக்கு நடந்து பாருங்கள். பத்து நிமிடம் என்றால் வாடகை நிற்கும். ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும் என்றால் கணக்கே வேறு. வரங்கல் சாலையில் நாரப்பள்ளிவரை ஆறு கிலோமீட்டருக்கு மேம்பாலம் போட 2018-இல் தொடங்கிய வேலை வருடக்கணக்கில் வெறும் தூண்களாகவே நின்றது. அந்தப் புழுதியில் தினம் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர் வீடு மாறியிருக்கிறார்கள். வரப்போகிற பாலத்துக்கு இன்றே விலை கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அட்வான்ஸ் இங்கே வழக்கமாக இரண்டு மாத வாடகைதான். சென்னையில் முன்பு பத்து மாதம் வாங்கிப் பழகியவர்கள், அட்வான்ஸ் பணத்தில் ஒரு பகுதி விலையை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கிழக்குப் பார்த்த வாசலுக்கு இங்கே தனி மவுசு. வாஸ்துவில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, குடிவருபவருக்கு இருக்கும்.

இப்போது கணக்கு

மருமகன் காட்டிய கட்டடத்துக்கே வருவோம். பென்ட்ஹவுஸை எடுத்துவிட்டால் மாத வாடகை 66,000. வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்தால் 7.26 லட்சம். சொத்து வரி 20,000, வாட்ச்மேனுக்கு 72,000, பொது மின்சாரம், மோட்டார், கோடையில் டேங்கர் என்று 48,000, வெள்ளையடிப்பு, பழுதுக்கு 80,000. மொத்தச் செலவு 2.20 லட்சம். கையில் நிற்பது 5.06 லட்சம்.

வாங்கும் செலவு 2.40 கோடியோடு நிற்காது. தெலங்கானாவில் 2021 ஜூலை முதல் முத்திரைத்தாள், மாற்றுக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 7.5 சதவீதம், அது 18 லட்சம். புரோக்கருக்கு ஒரு சதவீதம், 2.40 லட்சம். ஆக 2.604 கோடி. நான்கு சதவீதம் என்று சொன்ன வருமானம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

இதைக் கேட்டதும் அவன் முகம் வாடியது. நான் தாளைத் திருப்பிப் போட்டு இன்னொரு வழியில் எழுதினேன். அந்தத் தெருவில் வெற்று மனை கெஜம் 80,000 என்று மூன்று இடத்தில் விசாரித்து வைத்திருந்தோம். 200 கெஜத்துக்கு 1.60 கோடி. அனுமதி பெற்ற ஆறு போர்ஷனும் சேர்ந்து 3,300 சதுர அடி. இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,000 என்று வைத்து 66 லட்சம். பதினைந்து வருடப் பழசு, முப்பது சதவீதம் கழித்தால் 46 லட்சம். மொத்தம் 2.06 கோடி.

“மிச்சம் முப்பத்து நாலு லட்சம் எதுக்கு மாமா?”

“மேல நாலு பசங்க இருக்காங்கல்ல, அதுக்குத்தான்.”

அந்த மாதம் 14,000-ஐ விற்பவர் தன் நான்கு சதவீதக் கணக்கில் விலையாக்கினால் 42 லட்சம் வரும். ஒயர் ஏறிப்போன அந்த வீட்டுக்குப் பத்திரத்தில் ஒரு சதுர அடிகூடக் கிடையாது.

கடன் வாங்கி வாங்குவதானால் இன்னும் இறுகும். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில், மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியின் மதிப்பீட்டாளரும் அனுமதி பெற்ற தளத்தைத்தான் எண்ணுவார். 2.06 கோடிக்கு 1.54 கோடி கிடைக்கும். மீதி ஒரு கோடிக்கு மேல் கைக்காசு. அந்தக் கடனுக்கு 9 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1.39 லட்சம். வாடகையில் மிஞ்சுவது மாதம் 42,000. பல போர்ஷனை வாடகைக்கு விடும் கட்டடத்தைச் சில வங்கிகள் சாதாரண வீட்டுக் கடனாகவே எடுத்துக்கொள்ளாது, வணிகச் சொத்து என்று வட்டியை ஏற்றும். மேலாளரிடம் முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள்.

அதனால் என் அபிப்பிராயம் இது: உப்பலில் சிறு கட்டடம் வாங்குகிறவர் வாங்குவது நிலத்தைத்தான். அந்த நிலத்தின் விலை ஏறக் காத்திருக்கும் காலத்துக்கு வாடகை ஒரு கைச்செலவு. கைக்காசு பெரும்பகுதி இருப்பவர், பத்து வருடம் பொறுக்கக்கூடியவர், மனையும் அனுமதித்த மாடிகளும் சேர்ந்த மதிப்புக்கு மேல் கொடுக்காமல் வாங்கலாம். சம்பளத்தை நம்பித் தவணை கட்டப்போகிற இளைஞர் வேண்டாம்.

வாங்குவதென்று முடிவானால் வரியையும் மறக்காதீர்கள். விலை 50 லட்சத்துக்குக் குறையாத சொத்தில், வாங்குபவரே 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு. உப்பலில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் நிறைய. பத்திரத்தில் யார் பெயர் என்று பார்த்து ஆடிட்டரிடம் போங்கள். பிடிக்காமல் விட்டால் வரித்துறை உங்களைத்தான் தேடும்.

மருமகன் 2.05 கோடிக்குக் கேட்டான். உரிமையாளர் சிரித்துவிட்டு, இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார். மரியாதையான மனிதர், கோபப்படவில்லை. தசராவுக்குப் பிறகு அவரே போன் செய்து 2.20 என்றார். அன்று ராத்திரி நான் குறித்து வைத்திருந்த யு.எஸ்.சி. எண்ணைப் போட்டு, பொது மீட்டரின் பில்லைப் பார்த்தேன். முன்பு நானூறு யூனிட் ஓடிக்கொண்டிருந்த மீட்டர் இரண்டு மாதமாக எண்பதைத் தாண்டவில்லை. மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் மட்டும்தான். பையன்கள் காலி செய்துவிட்டிருந்தார்கள்.